சீனியும் சீனனும்

தென்காசியில் காபிக்குச் சர்க்கரை கேட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அது சீனி. மற்ற ஊர்களில் கொத்தவரங்காய் என்பது எங்களுக்குச் சீனியவரைக்காய். சர்க்கரைவள்ளி சீனிக்கிழங்கு. ஆச்சி அப்பளம் பொரித்தது சீனச்சட்டியில். சவரக்கடையில் கடைசியாக முகத்தில் தேய்த்து எரியவைப்பார்களே படிகாரம், அதற்குச் சீனக்காரம் என்றும் ஒரு பெயர் உண்டு. தீபாவளிக்கு அப்பா வாங்கி வருவது சீனிவெடி. போதாக்குறைக்கு, ஊரில் சீனிவாசன் என்று பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் சீனி, மீதிப் பேர் சீனா. என் தாய்மாமாவும் ஒரு சீனா.

இத்தனை சீனத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, பத்து வயது வரை நான் ஒரு சீனரையும் நேரில் பார்த்ததில்லை. கொட்டகையில்தான் பார்த்தேன். காட்டியவர் சீனா மாமா.

முதலில் பார்த்தது ‘இரத்தத் திலகம்’. 1962 எல்லைப் போர் முடிந்த மறுவருடம், 1963-ல் வந்த படம். சிவாஜி, சாவித்திரி. நான் பார்த்தது பல வருடம் கழித்து, மழை விழுகிற மாதிரி கோடு ஓடிய பிரதியில். படத்தில் சீனர்களும் தமிழே பேசினார்கள், அதுவும் நல்ல தமிழ். “அவனுவளுக்கு எப்படி மாமா தமிழ் தெரியும்?” என்று கேட்டேன். “எதிரின்னா நம்ம பாஷையப் படிச்சிட்டுத்தாம்ல வருவான்” என்றார் மாமா. அந்த வயதில் எனக்கு அது பெரிய ராணுவ ரகசியமாகத் தெரிந்தது.

அடுத்தது ‘என்டர் தி டிராகன்’. 1973-ல் வெளியான படம் எங்கள் ஊருக்கு வந்துசேர 1980 ஆகிவிட்டது. நடித்த புரூஸ் லீ, படம் வெளிவருவதற்கு முந்தைய மாதமே இறந்துபோனவர் என்பது எங்களுக்குத் தெரியாது. அவர் அடுத்த சீசனுக்குக் குற்றாலம் வரலாம் என்றே நம்பினோம். இங்கிலீஷ் வசனம் ஒரு சொல் புரியவில்லை. தேவையும் இல்லை. நல்ல சீனன் சட்டை இல்லாமல் அடித்தான், கெட்ட சீனன் பட்டங்கி போட்டுக்கொண்டு அடிவாங்கினான். கெட்டவன் பெயர் ஹான். ஒரு கை கிடையாது. அந்த இடத்தில் இரும்பில் கையோ நகங்களோ மாட்டிக்கொண்டு வருவான்.

எனக்கு ஒரு குழப்பம் வந்தது. இரும்புக் கை என்றால் நல்லவனாயிற்றே? சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் கொண்டுவந்த ‘இரும்புக்கை மாயாவி’யைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவன் நான். மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அவர் வெள்ளைக்காரர், பெயர் லூயிஸ் கிராண்டேல். வெள்ளைக்காரன் இரும்புக் கை மாட்டினால் உலகத்தைக் காப்பான், சீனன் மாட்டினால் அழிப்பான். அதை நாங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை, மாமாகூட. இப்போது வயதான பிறகு தேடிப் பார்த்தால், அந்தக் கதை இங்கிலாந்தில் ஒரு வாரப் பத்திரிகையில் தொடங்கியது 1962 அக்டோபரில். எல்லையில் சீனச் சண்டை மூண்டதும் அதே மாதம்தான். இதில் எந்தத் தொடர்பும் இல்லை, சும்மா சொல்லி வைக்கிறேன்.

அந்தச் சீசனில் குற்றாலம் குங்ஃபூ மயமானது. பேரருவியில் பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துத் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்க, நாங்கள் பையன்கள் விழும் தண்ணீரைக் கைவிளிம்பால் வெட்டினோம். வெட்டும்போது ஒரு சத்தம் வேண்டும். அந்தச் சத்தத்தில்தான் சீனத்தின் சாரம் இருப்பதாக எண்ணம். அருவி வெட்டுப்படவில்லை. ஐந்தருவியில் ஒருவன் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான். எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் அதை இழுத்துக் கட்டிவிட்டு, “போங்கலே, எல்லாரும் கராத்தேக்காரனுவ!” என்றார். கராத்தே ஒகினாவாவில் வளர்ந்தது, ஜப்பானுடையது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும்தான். சின்னக் கண் இருந்தால் ஒரே நாடு.

அந்த வருடத்துப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எல்லைப் போர் நாடகம். தடிமனான பையன் இந்தியச் சிப்பாய். நான் ஒல்லி, கண்ணும் கொஞ்சம் சின்னது. அதனால் சீனத் தளபதி. வாத்தியார் முகத்தில் கஸ்தூரி மஞ்சளை அப்பினார். பூகோளப் புத்தகத்தில் ‘மஞ்சள் இனம்’ என்று போட்டிருந்ததே. கண்ணோரத்தில் மையால் இரண்டு கோடு. ஆச்சியின் சவுரியில் ஒரு கொத்து நறுக்கி, இரண்டு பக்கமும் தொங்கும் மீசையாகக் கோந்தில் ஒட்டினார். எங்கள் பக்கத்தில் மீசைக்கு ஒரு கணக்கு உண்டு. மேலே முறுக்கினால் பூலித்தேவன், கீழே தொங்கினால் சீனன். வசனம் என்று எதுவும் எழுதப்படவில்லை. “நீ பாட்டுக்கு சிங் சாங் சுங்குன்னு பேசு, கோவமாப் பேசு” என்றார். பேசினேன். கடைசியில் சிப்பாய் சுட்டதும் செத்தேன். கைதட்டல் ஓயவில்லை, “ஒன்ஸ்மோர்” என்றார்கள். எழுந்து மறுபடி செத்தேன். மொத்தம் மூன்று முறை.

மஞ்சள் இரண்டு நாள் போகவில்லை. “புள்ளைக்குக் காமாலையா?” என்று எதிர்வீட்டு அத்தை கேட்டதில் அம்மாவுக்குத்தான் அவமானம். விழாவில் எடுத்த புகைப்படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

வாத்தியாரை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய இடத்துக்காரர்கள் இதை அவருக்கு முன்பே செய்திருக்கிறார்கள். உலகத்துக்குக் கெட்ட சீனனைச் செய்து கொடுத்தவர் சாக்ஸ் ரோமர் என்ற ஆங்கிலேயர். 1913-ல் நாவலாக வந்த அவருடைய டாக்டர் ஃபூ மாஞ்சு, நஞ்சும் சூழ்ச்சியுமாக மேற்குலகத்தை விழுங்க வருபவன். லண்டனின் லைம்ஹவுஸ் பக்கத்துச் சந்துகளை வைத்துக் கட்டிய சீனம் அது. வேடிக்கை என்னவென்றால், நாவலில் அவனுக்கு மீசையே கிடையாது. மழித்த முகம். தொங்கு மீசையை ஒட்டியது சினிமாக்காரர்கள். அந்த மீசைக்கு இன்று இங்கிலீஷில் அவன் பெயரே நின்றுவிட்டது. 1929-ல் திரையில் அந்த வேடம் போட்ட வார்னர் ஓலண்ட் சுவீடனில் பிறந்தவர். கொஞ்ச காலத்தில் அவரே, ஏர்ல் டெர் பிகர்ஸ் எழுதிய நல்ல சீனத் துப்பறிவாளர் சார்லி சானாகவும் நடித்தார். கெட்ட சீனனும் சுவீடன்காரர், நல்ல சீனனும் அவரே. சார்லி சானின் மூத்த மகனாக வந்தவர் மட்டும் அசல் சீனர், கீ லூக். அப்பா சுவீடன், மகன் சீனம்! அதே கீ லூக்தான் பிற்காலத்தில், நாங்கள் பார்த்த இரும்புக்கை ஹானுக்கு இங்கிலீஷில் குரல் கொடுத்தவர். இதையெல்லாம் மாமாவுக்குச் சொல்ல ஆசை. அவர் இப்போது இல்லை.

அசல் சீனர்களோடு பழகிய ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார் என்பதுதான் விஷயம். சிங்கப்பூர் சபுராளி. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூர் போய், தஞ்சோங் பகார் பக்கம் ஒரு குட்டி ஊரையே அமைத்திருந்த காலம் உண்டு. இவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் தெரு முழுக்கக் கோடாலித் தைலம் மணக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் புட்டி. எங்கள் ஆச்சிக்கு அது இல்லாமல் தூக்கம் வராது. அந்தத் தைலத்தை 1928-ல் சிங்கப்பூரில் தொடங்கியவர் லியூங் யுன் சீ என்ற சீனர். புலித் தைலமும் அப்படித்தான், ரங்கூனில் வைத்தியம் பார்த்த சீனக் குடும்பத்தின் சரக்கு. கொட்டகையில் சீனன் எங்களைப் பயமுறுத்தினான். பயத்தில் வந்த தலைவலிக்கு வீட்டில் சீனன் எண்ணெய் தேய்த்தோம்.

மஞ்சள் போகாத முகத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றேன். சிரித்துச் சிரித்து இருமினார்.

“சீனன் இப்படியா இருப்பான்? எங்க தவுக்கே, அதான் மொதலாளி, அவனப் பாக்கணும் நீ. பனியனும் அரைக்கால் சட்டையுமா கடையில ஒக்காந்திருப்பான். தேதி தப்பாமச் சம்பளம். ஆனா ஒத்தக் காசு கூடக் கேட்டுப் பாரு, செவுடாப் போயிருவான்.”

“பாம்பு திம்பானாமே மாமா?”

“சிலவன் திம்பான். நீ நண்டு திங்கலியா?”

“அவன் உங்கள என்னன்னு கூப்பிடுவான்?”

அவர் சிரிப்பு நின்றது. “கிளிங்கும்பான்” என்றார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். “நம்மாளுன்னு அர்த்தம்” என்று சொல்லி, புட்டியைத் திறந்து என் நெற்றியில் ஒரு சொட்டு வைத்து, “போய் வெளயாடு” என்றார். நம்மாளு என்பதைச் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறது. அது புரிய எனக்கு நாற்பது வருடம் ஆனது.

நான் மேடையில் மூன்றாம் முறை சாகும்போது எனக்குத் தெரியாத சில செய்திகளும் இருந்தன. 1962 நவம்பரில் அசாம், டார்ஜிலிங், காலிம்போங் பக்கங்களில் தலைமுறையாக இருந்த ஏறக்குறைய 3,000 சீன வம்சாவளியினரைப் பிடித்து, ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள், சீனாவைக் கண்ணால் காணாதவர்கள். சிலர் அங்கே வருடக்கணக்கில் இருந்தார்கள். அசாமியில் ரீத்தா சவுத்ரி ‘மாகாம்’ என்று இதை நாவலாகவே எழுதினார். எங்கள் நாடகத்தில் இவர்களுக்கு வேடம் இல்லை.

இன்னொன்று நம் மாநிலத்திலேயே. நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில், தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறியும் காப்பியும் பயிரிட்டுவந்த ஒரு சிறு சீனக் குடியிருப்பைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தம் பெருநூலில் எழுதுகிறார். போன இடத்தில் அவர் செய்தது என்ன தெரியுமா? தோல் நிறம் பார்த்தார், மூக்கை அளந்தார். எங்கள் வாத்தியார் மஞ்சள் பூசினார், அவர் அளவுகோல் வைத்தார். இதற்கெல்லாம் முன்னால், தென்காசிக் கோயில் எழும்புவதற்கு ஏறக்குறைய 40 வருடம் முன், 1409 என்று தேதியிட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையின் காலியில் ஒரு கல் நட்டார். சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழி. சீனர்கள் தமிழ் எழுதியிருக்கிறார்கள் என்றால், ‘இரத்தத் திலக’த்துச் சீனர்கள் தமிழ் பேசியதில் தப்பே இல்லை போலும்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். நாம் திருந்திவிட்டோம். இப்போதெல்லாம் மஞ்சள் பூசுவதில்லை, ஆளையே இறக்குமதி செய்கிறோம்.

2011 தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’. குடும்பத்தோடு போனோம். காஞ்சியிலிருந்து போன போதிதர்மர் சீனர்களுக்கு வைத்தியமும் சண்டையும் சொல்லிக் கொடுக்கிறார். பல நூறு வருடம் கழித்து அதே சீனம், நோய் பரப்ப டோங் லீயை நம்மிடம் அனுப்புகிறது. வெறும் பார்வையாலேயே ஆளை மயக்கி அடிமையாக்குகிறவன் அவன். ஃபூ மாஞ்சு மீசையை மழித்துவிட்டு விமானத்தில் வந்து இறங்கியது மாதிரி இருந்தது. நடித்த ஜானி ட்ரை நுயென் வியட்நாமில் பிறந்த அமெரிக்கர். வியட்நாமும் சீனாவும் 1979-ல் போரே நடத்தியவை என்று நினைத்துப் பார்த்தால், சென்னை கொடுத்த வேடத்தின் விசேஷம் விளங்கும். ஆனால் அன்றைக்கு நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. மார்பு இரண்டு அங்குலம் விரிந்து வெளியே வந்தேன். குற்றாலத்தில் நாங்கள் புரூஸ் லீயைப் பார்த்துக் காப்பியடித்தது பாட்டன் சொத்தைத்தான் என்பதில் பெரிய ஆறுதல். போதிதர்மர் குங்ஃபூ கற்பித்த கதையை ஆய்வாளர்கள் பிற்காலத்து ஐதீகம் என்கிறார்கள். அன்று யாராவது அதை என்னிடம் சொல்லியிருந்தால் கைகலப்பே வந்திருக்கும்.

2016-ல் ‘கபாலி’. மலேசியா, ரஜினி, எதிரே டோனி லீ. இம்முறை தைவானிலிருந்து வின்ஸ்டன் சாவ். சீனப் படங்களில் சுன் யாட் சென் வேடம் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள், பலமுறை நடித்தவர். அங்கே நாட்டின் தந்தை. நமக்குப் போதைப்பொருள் தாதா.

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தார். பிரதமர் வேட்டி கட்டினார். போதிதர்மரும் யுவான் சுவாங்கும் எல்லார் வாயிலும் இருந்தார்கள். ஒரு வாரம் சீனர்கள் நம் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். அடுத்த மாதம் 22-ம் தேதி தென்காசி தனி மாவட்டமானது, அந்தச் சந்தோஷம் வேறு. அண்ணன் தம்பி உறவு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. கொரோனா வந்தது. டோங் லீயும் படத்தில் அவன் நோய் ஏற்றிய நாயும் கைப்பேசிக்குள் உயிர்த்தெழுந்து, ‘அன்றே சொன்ன படம்’ என்று சுற்றத் தொடங்கினார்கள். நானும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ஜூனில் கல்வானில் சீனப் படையோடு மோதி நம் வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். மாதக் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. அந்தச் சீசனில் அருவியில் குளிக்கவும் தடை. வெறுமனே விழுந்துகொண்டிருந்த தண்ணீரை வெட்ட ஒரு பையனும் இல்லை.

டெல்லியிலும் மற்ற நகரங்களிலும் மணிப்பூர், நாகாலாந்துப் பிள்ளைகளைப் பார்த்துத் தெருவில் ‘கொரோனா’ என்று கூவியதாக அப்போது செய்திகள் வந்தன. படித்துவிட்டு, “வடக்கத்தியான் புத்தி” என்று சொல்லிக்கொண்டேன். அது எந்த மாதிரிப் புத்தி என்று யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது வேறு ஒரு படம். 2019-ல் சிங்கப்பூரில் மின்னணுப் பணம் செலுத்தும் முறைக்கு ஒரு விளம்பரம் வந்தது. டென்னிஸ் சியூ என்ற சீன நடிகர் பல இனத்தவராக வேடமிட்டிருந்தார். அதில் ஒரு வேடத்துக்கு முகத்தில் கறுப்புப் பூச்சு, சட்டையில் பெயர் ‘கே. முத்துசாமி’. எதிர்ப்புக் கிளம்பி, மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்கள். அங்கிருக்கும் உறவுக்காரப் பையன் பிறகொரு நாள் அந்தப் படத்தை எனக்கு அனுப்பினான். கூடத்தில் உட்கார்ந்து கொதித்தேன். “என்ன தைரியம்! நம்மாளுன்னா கரியைப் பூசினாப் போதுமா?”

மகள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சவுரி மீசையோடு நான்.

இந்த மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தலைமுறைக்கு வில்லன் முகம் எதுவோ, அவள் தலைமுறைக்கு அதுதான் கதாநாயகன் முகம். கைப்பேசியைத் திறந்தால் ஏழு பையன்கள் வழவழவென்று நிற்கிறார்கள். “யாரும்மா இந்தச் சீனப் பயலுவ?” என்று ஒருமுறை கேட்டு மாட்டிக்கொண்டேன். “கொரியா, அப்பா!” இரண்டு நாள் பேச்சு இல்லை.

போன சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல். குளித்துவிட்டு வரும்போது, மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருக்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு தள்ளுவண்டி. பலகையில் சிவப்பு டிராகன், கீழே ‘சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்’. கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ். மஞ்சூரியன் என்ற பதார்த்தம் 1975-ல் மும்பையில், கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் கையில் உருவானது என்பார்கள், மஞ்சூரியாவுக்கு அது தெரியாது. வண்டியில் சீனச்சட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அந்த முகம்.

மகள் என் முழங்கையை இடித்து, “கொரியன் ஹீரோ மாதிரியே இருக்கான்லாப்பா” என்றாள் ரகசியமாக. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாளி புத்திசாலி, சைனீஸ் கடைக்கு அசல் சைனாக்காரனையே பிடித்துப் போட்டிருக்கிறார் என்று தோன்றியது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என்னைப் பார்த்தான். மடித்துக் கட்டிய காவி வேட்டி, தோளில் ஈரத்துண்டு, தலையில் வழியும் எண்ணெய். சிரித்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டான்.

“சேட்டா, எரிவு கூடுதல் வேணோ?”

எனக்குச் சுருக்கென்று ஏறியது. “ஏலே, யாரு சேட்டன்? நான் தென்காசிக்காரன். பெறந்தது வளந்தது எல்லாம் இங்கதான்.”

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. சீசன்ல பூராவும் கேரளாக்காரங்கதான் வாராங்க. பாத்தா ஒரே மாதிரி இருக்கீங்களா, எனக்குத் தெரியல.”

மகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“நீ எந்த ஊரு?” என்றேன், குரலைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டு.

“காலிம்போங். வந்து ஆறு வருசமாச்சு.”

அவனும் மேலே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு தட்டு நூடுல்ஸ் வந்தது. புளிப்பும் உறைப்பும் சேர்ந்து, கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு. அருவிக் குளிருக்கு நன்றாகவே இருந்தது. இதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன், கோபம் தணிந்துவிட்டது என்று காட்டுவதற்காக.

“சாஸ் ரொம்பப் புளிக்கும் அண்ணாச்சி” என்றான், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்கு ஒரு கரண்டி சீனி போடுவேன்.”